லினக்ஸ் கெர்னலின் அமைவுக் கோப்பு: தேடலும் மீள்பயன்பாடும்

முன்னுரை

கணிப்பொறியைப் பயன்படுத்துவோர் பலர். அதனை இயக்கும் மென்பொருளைத் தம் தேவைக்கேற்பத் தாமே அமைத்துக்கொள்வோர் சிலர். அச்சிலருள் ஒருவராகும் வாய்ப்பை எளிய மாணாக்கனுக்கும் அளிப்பது லினக்ஸ். அதன் மூலநிரல் எவர்க்கும் திறந்தே கிடக்கிறது. ஆயினும் அம்மூலநிரலைத் தொகுக்க முற்படுவோர் பலர் முதற்படியிலேயே சோர்ந்து விடுகின்றனர். ஆயிரக்கணக்கான கேள்விகள் அவர்கள்முன் வந்து நிற்பதே காரணம். அக்கேள்விகளுக்கு முன்னரே ஒருவர் விடையெழுதி வைத்த ஏடு பெரும்பாலும் அதே கணிப்பொறிக்குள்ளேயே இருக்கிறது என்பதைப் பலர் அறியார். அவ்வேட்டின் பெயரே அமைவுக் கோப்பு.

அது எங்கே இருக்கும், அதனை எவ்வாறு படிப்பது, புதிய கெர்னலுக்கு அதனை எடுத்தாளுங்கால் எவ்வெவற்றில் விழிப்பு வேண்டும் என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கட்டளைகளின் பெயர்களும் கோப்புகளின் பெயர்களும் இங்கு ஒலிப்பு நோக்கித் தமிழெழுத்தில் தரப்பட்டுள்ளன. கணிப்பொறியில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே உள்ளிடல் வேண்டும்.

கெர்னல் என்பது யாது?

கணிப்பொறியின் வன்பொருளுக்கும் நாம் இயக்கும் செயலிகளுக்கும் இடையே நின்று, நினைவகத்தையும் வட்டையும் விசைப்பலகையையும் வலையிணைப்பையும் ஆளும் உட்கருவே கெர்னல் ஆகும். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 ஆகஸ்டு 25ஆம் நாள் தாம் எழுதிவந்த இயக்கமுறைமை பற்றி உலகிற்கு அறிவித்தார். அவர் தம் கணிப்பொறியில் இருந்த 386 செயலிக்கென்றே அதனை எழுதினார். 1994 மார்ச்சில் 1.0 என்னும் பதிப்பு வெளிவந்தது. இன்று அதே கெர்னல் கைப்பேசி முதல் மீக்கணிப்பொறி வரை இயங்குகிறது.

ஒரே மூலநிரல் இத்தனை வகைப் பொறிகளுக்கும் பொருந்துவது எவ்வாறு? தேவையானதை ஏற்று, தேவையற்றதை விலக்கித் தொகுக்கும் வசதியே அதற்குக் காரணம். எந்தச் செயலி, எந்த வட்டு, எந்தக் கோப்புமுறைமை, எந்த வலையட்டை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தெரிவு உண்டு. இத்தெரிவுகள் அனைத்தையும் எழுத்தில் பதிந்து வைக்கும் இடமே அமைவுக் கோப்பு.

தொடக்க காலத்தில் 'மேக் கான்ஃபிக்' என்னும் கட்டளை இக்கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. இடையில் ஒரு விடை தவறினால் பின்னோக்கிச் செல்ல வழியில்லை. பின்னர்ப் பட்டியல்களாகக் காட்டும் 'மேக் மெனுகான்ஃபிக்' வந்தது. எரிக் ரேமண்ட் இம்முறையை மாற்றியமைக்கும் திட்டம் ஒன்றை முன்வைத்தார், அது ஏற்கப்படவில்லை. 2002ஆம் ஆண்டில் ரோமன் சிப்பெல் எழுதிய 'கேகான்ஃபிக்' என்னும் முறை சேர்க்கப்பட்டது. இன்றும் வழக்கில் இருப்பது அதுவே.

கோப்பின் இயல்பு

மூலநிரல் கோப்பகத்தின் தலைப்பகுதியில் 'டாட் கான்ஃபிக்' என்னும் பெயரில் இக்கோப்பு அமையும். பெயரின் முதலில் புள்ளி நிற்பதால் வழக்கமான பட்டியலில் இது கண்ணுக்குத் தெரியாது. 'எல்எஸ்' கட்டளையுடன் மறைந்தவற்றையும் காட்டும் 'ஏ' என்னும் குறியைச் சேர்த்தால்தான் தெரியும். கோப்பு இல்லை என்று எண்ணி மீண்டும் தொடக்கத்திலிருந்து உழைப்போர் இதனை நினைவிற் கொள்க.

இது எவரும் படிக்கத்தக்க எளிய உரைக்கோப்பு. இதன் முகப்பு வரிகளில் எவ்வகைச் செயலிக்கு, எந்தப் பதிப்புக் கெர்னலுக்கு இது எழுதப்பட்டது என்னும் குறிப்பு இருக்கும். சுவடியைக் கையிலெடுப்பவர் முதலில் முகப்பையும் இறுதியையும் பார்ப்பது போல, அமைவுக் கோப்பை எடுப்பவரும் முதலில் இம்முகப்பையே பார்த்தல் வேண்டும்.

ஒவ்வொரு தெரிவும் ஒரு வரி. வரியின் இறுதியில் 'ஒய்' என்றிருந்தால் அக்கூறு கெர்னலுக்குள்ளேயே சேர்க்கப்படும். 'எம்' என்றிருந்தால் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் தனி மாட்யூலாகத் தொகுக்கப்படும். வேண்டாம் என்ற கூறுக்கு 'இஸ் நாட் செட்' என்று முடியும் வரி இருக்கும். இவ்வரி எண்குறியுடன் தொடங்கும்.

ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. பிற கோப்புகளில் எண்குறியுடன் தொடங்கும் வரி வெறும் விளக்கக் குறிப்பாகும். அதனை நீக்கினாலும் பொருள் கெடாது. அமைவுக் கோப்பிலோ அவ்வரிக்குப் பொருளுண்டு. 'இக்கூறு வேண்டாம் என்று கேட்டறிந்து முடிவு செய்யப்பட்டது' என்பதே அப்பொருள். வரியே இல்லாதிருத்தல் என்பது 'இக்கூறு பற்றி இன்னும் முடிவு செய்யப்படவில்லை' என்பதாகும். மறுத்துரைத்தலும் உரையாதிருத்தலும் வேறு வேறு. கோப்பைச் சுருக்க எண்ணி அவ்வரிகளை நீக்குபவர், முன்னவர் வேண்டாம் என்று விலக்கிய அனைத்தையும் மீண்டும் கேள்விகளாக்கி விடுகிறார்.

கோப்பைத் தேடும் இடங்கள்

லினக்ஸ் வெளியீட்டு நிறுவனங்கள் தாம் தொகுத்த கெர்னலின் அமைவுக் கோப்பையும் உடன் தருவதை வழக்கமாகக் கொண்டுள்ளன. இப்போது இயங்கும் கெர்னலின் பதிப்பெண்ணை 'யூநேம்' கட்டளையுடன் 'ஆர்' என்னும் குறியைச் சேர்த்து முதலில் அறிதல் வேண்டும். அதன்பின் கீழ்வரும் இடங்களை நாடலாம்.

முதலாவது, 'பூட்' கோப்பகம். டெபியன், உபுண்டு முதலியவற்றில் 'கான்ஃபிக்' என்று தொடங்கிப் பதிப்பெண்ணுடன் முடியும் கோப்பு இங்கிருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட கெர்னல்கள் நிறுவப்பட்டிருப்பின் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு காணப்படும். நாளால் புதியது எது என்று பாராமல், இயங்கும் பதிப்பின் எண்ணுக்கு நேரானது எது என்று பார்த்து எடுத்தல் வேண்டும்.

இரண்டாவது, 'லிப்' கோப்பகத்தின் 'மாட்யூல்ஸ்' பகுதி. ஃபெடோரா போன்றவை பதிப்பெண் பெயருள்ள உட்கோப்பகத்தில் அமைவுக் கோப்பின் படியை வைக்கின்றன. கெர்னல் தலைப்புக் கோப்புகள் நிறுவப்பட்டிருந்தால் அங்குள்ள 'பில்ட்' என்னும் இணைப்பின் வழியும் ஒரு படி கிடைக்கும்.

மூன்றாவது, 'பிராக்' என்னும் கோப்பகத்தில் உள்ள 'கான்ஃபிக் ஜிஇசட்'. இது வட்டில் எழுதப்பட்ட கோப்பன்று; இயங்கிக்கொண்டிருக்கும் கெர்னல் தன் அமைவைத் தானே எடுத்துரைப்பது. எனவே ஐயத்திற்கு இடமில்லாத சான்று இதுவே. சுருக்கப்பட்ட வடிவில் இருப்பதால் 'இசட்கேட்' கட்டளையால் விரித்துப் படித்தல் வேண்டும். ஆர்ச் லினக்ஸிலும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றிலும் இது காணப்படும். கெர்னலைத் தொகுத்தவர் 'ஐகேகான்ஃபிக்' என்னும் தெரிவை ஏற்றிருந்தால் மட்டுமே இது கிடைக்கும். அத்தெரிவு மாட்யூலாக ஏற்கப்பட்டிருப்பின், 'கான்ஃபிக்ஸ்' என்னும் மாட்யூலை ஏற்றிய பின்னரே இது தோன்றும்.

நான்காவது, கெர்னலின் தொகுக்கப்பட்ட உருவம். அமைவுக் கோப்புகள் எல்லாம் அழிந்து, இயக்கத்தக்க கெர்னல் மட்டுமே எஞ்சியுள்ள நிலையிலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. 'ஐகேகான்ஃபிக்' ஏற்கப்பட்டிருந்தால் அதன் உள்ளே அமைவுக் கோப்பும் பொதிந்திருக்கும். மூலநிரலின் 'ஸ்கிரிப்ட்ஸ்' பகுதியிலுள்ள 'எக்ஸ்ட்ராக்ட் ஐகேகான்ஃபிக்' என்னும் நிரல் அதனை வெளிக்கொணரும்.

ஐந்தாவது, மூலநிரலுக்குள் 'ஆர்ச்' என்னும் பகுதியில் ஒவ்வொரு செயலி வகைக்கும் வைக்கப்பட்டுள்ள பொதுநிலைக் கோப்புகள். இவை 'டெஃப்கான்ஃபிக்' எனப்படும். வேறெதுவும் கிடைக்காதபோது இவற்றிலிருந்து தொடங்கலாம். ஆயின் இவை நம் பொறியைப் பார்த்து எழுதப்பட்டவை அல்ல.

இத்தேடலைக் கணிப்பொறியே ஓரளவு செய்கிறது என்பதும் அறியத்தக்கது. அமைவுக் கோப்பு இல்லாத மூலநிரலில் 'மேக் மெனுகான்ஃபிக்' கட்டளையை இட்டால், அது முதலில் இயங்கும் பதிப்பின் மாட்யூல்ஸ் பகுதியையும், அடுத்து 'இடிசி' கோப்பகத்தில் 'கெர்னல் கான்ஃபிக்' என்னும் கோப்பையும், அதன்பின் பூட் கோப்பகத்தையும் நாடும். எங்கும் கிடைக்காவிடில் பொதுநிலைக் கோப்பை எடுத்துக்கொள்ளும். தான் எடுத்த கோப்பின் பெயரைத் திரையில் ஒரு வரியில் காட்டும். அவ்வரியைப் படியாது விடுபவர், எதன்மேல் தாம் கட்டுகிறோம் என்பதை அறியாமலே கட்டுகிறார்.

மீள்பயன்படுத்தும் முறை

கிடைத்த கோப்பைப் புதிய மூலநிரலின் தலைப்பகுதியில் 'டாட் கான்ஃபிக்' என்னும் பெயரில் படியெடுத்து வைத்தல் முதற்செயல். பழைய கோப்பில் இல்லாத புதிய தெரிவுகள் புதிய கெர்னலில் இருக்கும். ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளிவருவதால் அவற்றின் தொகை சிறிதன்று. அவற்றுக்கு விடை காண வழிகள் சில உள.

'மேக் ஓல்டுகான்ஃபிக்' என்னும் கட்டளை பழைய விடைகளை அப்படியே ஏற்று, புதிய கேள்விகளை மட்டும் கேட்கும். வினாக்குறியை இட்டால் அக்கேள்விக்குரிய விளக்கமும் கிடைக்கும். கற்கும் மாணாக்கருக்கு இதுவே சிறந்த வழி. 'மேக் ஓல்டுடெஃப்கான்ஃபிக்' எதனையும் கேளாது. புதியன அனைத்திற்கும் இயல்பு விடையைத் தானே இட்டுக்கொள்ளும். விரைவு வேண்டுவோர்க்கு இது உதவும். 'மேக் லிஸ்ட்நியூகான்ஃபிக்' கோப்பை மாற்றாமல், புதிய தெரிவுகள் எவை என்று பட்டியலிட்டு மட்டும் காட்டும். முதலில் இப்பட்டியலைப் படித்துவிட்டுப் பின்னர் மற்றவற்றை நாடுதல் நன்று.

வெளியீட்டு நிறுவனத்தின் கோப்பு எல்லார் பொறிக்கும் பொருந்த வேண்டி, கிடைக்கும் இயக்கிகளையெல்லாம் மாட்யூலாக ஏற்றிருக்கும். அதன் வரிகள் பத்தாயிரத்தை எட்டுவதும் உண்டு. சிறிய பொறியில் அதனைத் தொகுக்கப் பல மணிநேரம் ஆகும். இதற்குத் தீர்வாக, ஸ்டீவன் ராஸ்டெட் எழுதி 2009இல் கெர்னலில் சேர்ந்தது 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' என்னும் கட்டளை. இப்போது ஏற்றப்பட்டுள்ள மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சிய மாட்யூல்களை இது விலக்கும். ஆயின் அந்நேரத்தில் இணைக்கப்படாத அச்சுப்பொறியும் செருகப்படாத நினைவகக் குச்சியும் இதன் கணக்கில் வாரா. ஆகவே கட்டளையை இடுமுன் வழக்கமாகப் பயன்படும் கருவிகள் அனைத்தையும் ஒருமுறை இணைத்து இயக்கிவிடுதல் அறிவுடைமை.

எடுத்தாளுவதில் நேரும் இடர்கள்

படியெடுத்தல் எளிது, பொருந்த எடுத்தாளுதலே அரிது. மூவகை இடர்கள் இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கன.

ஒன்று, பெயர் மாற்றம். 2006 நவம்பரில் வெளிவந்த 2.6.19 பதிப்பில் 'சாட்டா' வகை வட்டுகளுக்கான இயக்கிகள், 'ஸ்கசி' என்னும் பகுதியிலிருந்து பிரிக்கப்பட்டு 'ஏடிஏ' என்னும் தனிப்பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டன. தெரிவுகளின் பெயர்களும் மாறின. பழைய கோப்பில் பழைய பெயருடன் 'ஒய்' என்றிருந்த வரியைப் புதிய கெர்னல் அறியவில்லை. அறியாத வரியை அது விட்டுவிடும். புதிய பெயரோ புதிய கேள்வியாக வந்தது. அதன் இயல்பு விடை 'வேண்டாம்' என்பது. வந்த கேள்விக்கெல்லாம் நுழைவு விசையை அழுத்திச் சென்றவர்க்குத் தம் வட்டையே காண இயலாத கெர்னல் கிடைத்தது. வட்டைக் காணாத கெர்னல், மூலக் கோப்புமுறைமையை ஏற்ற இயலவில்லை என்னும் செய்தியுடன் நின்றுவிடும்.

இதனையொத்த மற்றொன்று, நீக்கம். லினக்ஸ் எதற்கென்று பிறந்ததோ அந்த 386 செயலிக்கான ஆதரவே 2013 பிப்ரவரியில் வெளிவந்த 3.8 பதிப்பில் விலக்கப்பட்டது. அச்செயலியைக் குறித்த பழைய கோப்பைப் புதிய மூலநிரலில் இட்டால், அவ்வரி மறைந்து வேறொரு செயலி இயல்பு விடையாக வந்து அமரும். இவ்வாறு பெயர் மாறியும் நீங்கியும் போன வரிகளைக் குறித்து அக்கட்டளைகள் நம்மிடம் கேள்வி எழுப்புவதில்லை.

இரண்டு, சார்பு. ஒரு தெரிவு மற்றொன்றைச் சார்ந்து நிற்பதுண்டு. சார்ந்திருக்கும் அடிப்படைத் தெரிவு ஏற்கப்படாதபோது, உரைத்தொகுப்பியால் கோப்பைத் திறந்து நாமே 'ஒய்' என்று எழுதினாலும் பயனில்லை. அடுத்த கட்டளையில் அவ்வரி நீக்கப்பட்டுவிடும். இவ்வகையில் வட்டு இயக்கி பற்றியும் ஒன்று சொல்லுதல் வேண்டும். அவ்வியக்கி 'எம்' என்று மாட்யூலாக இருந்தால், அம்மாட்யூல் அதே வட்டில்தான் இருக்கும். வட்டைத் திறக்க மாட்யூல் வேண்டும். மாட்யூலை எடுக்க வட்டைத் திறக்க வேண்டும். பெட்டியின் திறவுகோலைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியது போன்ற நிலை இது. இதனைத் தீர்க்கத்தான் தொடக்க நினைவகக் கோப்புமுறைமை ஒன்றை உடன் உருவாக்குகின்றனர். அதனை உருவாக்காதவர் வட்டு இயக்கிக்கும் கோப்புமுறைமைக்கும் 'ஒய்' என்றே விடையளித்தல் வேண்டும்.

மூன்று, பிறர்க்குரிய குறிப்புகள். வெளியீட்டு நிறுவனங்கள் தம் நம்பிக்கைச் சான்றிதழ்கள் இருக்கும் இடத்தையும் அமைவுக் கோப்பில் எழுதி வைப்பதுண்டு. டெபியன், உபுண்டு ஆகியவற்றின் கோப்புகளில் இதனைக் காணலாம். அச்சான்றிதழ்க் கோப்பு அவர்களது மூலநிரலில் இருக்கும். பொதுவான கெர்னல் மூலநிரலில் இராது. அவ்வரியை அப்படியே விட்டால் தொகுப்பு இடையில் நின்றுவிடும். 'சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்' என்னும் அத்தெரிவின் மதிப்பை வெறுமையாக்கினால் தொகுப்பு தொடரும். பிறர் ஏட்டை எடுத்தாள்பவர், அதில் பிறர்க்கே உரியது எது என்று பிரித்தறிதல் வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

ஒப்புநோக்கல்

மேற்கண்ட இடர்களுக்கெல்லாம் ஒரே மருந்து ஒப்புநோக்கலாகும். பதிப்பாசிரியர் ஒரு சுவடியோடு மற்றொன்றை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு குறிப்பது போல, பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிடும் கருவி கெர்னல் மூலநிரலிலேயே உள்ளது. 'ஸ்கிரிப்ட்ஸ்' பகுதியிலுள்ள 'டிஃப்கான்ஃபிக்' என்பது அதன் பெயர். விடுபட்ட தெரிவுக்குக் கழித்தல் குறியும், புதிதாக வந்ததற்குக் கூட்டல் குறியும் இட்டு, மதிப்பு மாறியதற்குப் பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் அருகருகே காட்டும். கழித்தல் குறியிட்ட வரிகளையே முதலில் படிக்க வேண்டும். சொல்லாமல் மறைந்தவை அவற்றில்தான் வெளிப்படும்.

பாதுகாத்தல்

கோப்பைத் தேடத் தெரிந்தவர் அதனைக் காக்கவும் தெரிந்திருத்தல் வேண்டும். 'மேக் கிளீன்' கட்டளை தொகுத்தவற்றைத் துடைத்தாலும் அமைவுக் கோப்பைத் தொடாது. 'மேக் மிஸ்டர்புராப்பர்' கட்டளையோ அமைவுக் கோப்பையும் அதன் முந்தைய படியையும் சேர்த்தே அழித்துவிடும். முந்தைய படி எனப்படும் 'டாட் கான்ஃபிக் டாட் ஓல்டு' ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மேலெழுதப்படுவது. அதனை நம்பியிருத்தல் கூடாது.

ஆதலின் இயங்குவது உறுதியான கோப்பை, மூலநிரலுக்கு வெளியே, பதிப்பெண்ணும் நாளும் பொறியின் பெயரும் சேர்ந்த பெயரில் வைத்தல் வேண்டும். 'மேக் சேவ்டெஃப்கான்ஃபிக்' என்னும் கட்டளை இயல்பு விடையினின்று மாறுபட்டவற்றை மட்டும் எடுத்துச் சிறு கோப்பாகத் தரும். நாம் எடுத்த முடிவுகள் எவை என்று ஒரு பார்வையில் காண அது உதவும். அடுத்த முறைக்கென 'ஐகேகான்ஃபிக்' தெரிவையும் ஏற்றுக்கொண்டால், கெர்னலே தன் ஏட்டைத் தன்னுள் சுமந்து செல்லும். புதிய கெர்னல் நன்கு இயங்குவதைக் கண்ட பின்னும் பழைய கெர்னலைத் தொடக்கப் பட்டியலிலிருந்து உடனே நீக்காதிருத்தல் நலம். புதியது ஒருநாள் தடுமாறினால் பழையதன் வழியே உள்ளே நுழையலாம்.

இக்கோப்பைப் பிறர்க்கு வழங்குவது ஒரு கடமையாகவும் அமைகிறது. லினக்ஸ் கெர்னல் 1992 முதல் பொது உரிமத்தின்கீழ் வழங்கப்பட்டு வருகிறது. இயக்கத்தக்க வடிவத்தை வழங்குவோர் அதன் முழு மூலநிரலையும் வழங்க வேண்டும் என்றும், தொகுத்தலையும் நிறுவுதலையும் கட்டுப்படுத்தும் நிரல்களும் அதனுள் அடங்கும் என்றும் அவ்வுரிமத்தின் இரண்டாம் பதிப்பு கூறுகிறது. எவ்வாறு தொகுத்தோம் என்பதை மறைத்துவிட்டு மூலநிரலை மட்டும் தருவது நிறைவான வழங்கல் ஆகாது என்னும் கருத்து இதில் அடங்கியுள்ளது.

முடிவுரை

அமைவுக் கோப்பு என்பது ஆயிரக்கணக்கான முடிவுகளின் தொகுப்பு. முன்னவர் அறிந்து எடுத்த முடிவுகளைத் தேடிப் பெறாமல் வெறுமையிலிருந்து தொடங்குபவர், பிறர் கடந்த இடர்களை எல்லாம் தாமும் ஒருமுறை கடக்க வேண்டியவராகிறார். தேடிப் பெற்றதை ஆராயாமல் ஏற்பவரோ, பெயர் மாறியதையும் நீக்கப்பட்டதையும் பிறர்க்கே உரியதையும் வேறுபாடறியாது சுமக்கிறார். முகப்பைப் பார்த்து எடுத்தல், புதிய கேள்விகளைப் படித்து விடையளித்தல், மறைந்த வரிகளை ஒப்புநோக்கி அறிதல், இயங்குவதைப் பெயரிட்டுக் காத்தல் ஆகிய நான்கும் இருவகைக் குறைகளையும் நீக்கும். நம் மாணாக்கர், ஆய்வகத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய கணிப்பொறி ஒன்றில் இம்முறையைச் செய்து பார்ப்பாராக. முதல் முயற்சி தவறினும் பழைய கெர்னல் காத்திருக்கும். சரியானபின் அவர் எழுதி வைக்கும் கோப்பு, அடுத்து அப்பொறியின்முன் அமரும் மாணாக்கனுக்குத் தொடக்கமாக விளங்கும்.